பள்ளியில் இருந்தவாறே கல்லூரிக் கல்வி

பள்ளிக் கல்வி இங்கே முடிகிறது, கல்லூரிக் கல்வி இங்கே தொடங்குகிறது என்று நாம் ஓர் எல்லைக் கோடு கிழித்து வைத்திருக்கிறோம். அக்கோடு மலையையும் ஆற்றையும் போல இயற்கையாக அமைந்தது என்று பலரும் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. நம் தமிழ்நாட்டின் வரலாற்றையே பாருங்கள். 1857-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபின், மெட்ரிகுலேஷன் தேறியவர்கள் எஃப்.ஏ. என்றும், பிற்காலத்தில் இண்டர்மீடியட் என்றும் வழங்கிய ஈராண்டுப் படிப்பைக் கல்லூரியில் கற்றனர். பின்னர் அது சுருங்கிப் புகுமுக வகுப்பு என்னும் ஓராண்டுப் படிப்பாயிற்று. 1978-ஆம் ஆண்டில் புகுமுக வகுப்பும் நீங்க, மேல்நிலை வகுப்புகள் பள்ளிகளிலேயே தொடங்கின. தந்தை கல்லூரியில் கற்ற பாடத்தை மகன் பள்ளியில் கற்றான். பாடம் பெரிதும் மாறவில்லை, கோடுதான் நகர்ந்தது.

கோடு மனிதர் கிழித்தது என்றால், அதனை ஒரு மாணவன் தன் தகுதிக்கேற்பத் தாண்டலாகாதா? பள்ளியில் பயின்றுகொண்டே கல்லூரிப் பாடம் ஒன்றைக் கற்று, அதற்குரிய மதிப்பையும் முன்கூட்டியே ஈட்டிக்கொள்ளலாகாதா? இவ்வினாவுக்கு ஒரு நூற்றாண்டுக் காலமாக விடை தேடி வரும் நாடு அமெரிக்க ஐக்கிய நாடு. அம்முயற்சியின் வரலாற்றையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

அமெரிக்காவில் இவ்வினா எழுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அந்நாட்டில் நாடு முழுமைக்கும் ஒரே பாடத்திட்டமோ, ஒரே பள்ளியிறுதித் தேர்வோ இருந்ததில்லை. ஒவ்வோர் ஊரும் தன் பள்ளியைத் தானே நடத்திற்று. ஒவ்வொரு கல்லூரியும் தன் வாயிலைத் தானே காத்தது. இதனால் விளைந்த குழப்பத்தைக் களைய 1892-ஆம் ஆண்டில் பதின்மர் குழு ஒன்று அமைந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவர் சார்லஸ் எலியட் அதற்குத் தலைமை தாங்கினார். பின்னர் 1906-ஆம் ஆண்டை ஒட்டி, கார்னகி அறநிலையம் ஓர் அளவுகோலை வகுத்தது. ஒரு பாடத்தை ஓராண்டில் 120 மணி நேரம் கற்றால் அஃது ஓர் அலகு. இத்தகைய 14 அலகுகளைப் பெற்றவனே கல்லூரியில் சேரலாம் என்பது அவ்வளவுகோல். பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் வழங்கவந்த அறநிலையம் அது. எந்த நிறுவனத்தைக் கல்லூரி என ஏற்று உதவுவது என்று முடிவு செய்யவே அதற்கு இந்த அளவு வேண்டியதாயிற்று. பின்னர் அந்த அளவே நாடெங்கும் பரவிவிட்டது.

கல்லூரிகளிலும் இதனையொத்த முறை வேரூன்றியது. மாணவன் கற்றுத் தேறும் ஒவ்வொரு பாடத்திற்கும் இத்தனை ‘கிரெடிட்’ என்று குறித்து, வணிகர் பேரேட்டில் வரவு வைப்பதைப் போல அவன் பெயரில் வரவு வைப்பர். போதிய வரவு சேர்ந்ததும் பட்டம் கிடைக்கும். இந்த ஏற்பாட்டை நன்கு மனத்திற்கொள்ளுங்கள். கல்வி முழுவதும் ஒரே இறுதித் தேர்வில் தொங்கும் நாட்டில், பாதிப் பாடத்தை முன்னதாகக் கற்றவனுக்குத் தனிப் பயன் ஏதும் இல்லை. பாடம் பாடமாக வரவு வைக்கும் நாட்டிலோ, ‘இந்த வரவை நான் பள்ளியிலேயே ஈட்டினால் என்ன?’ என்று கேட்க இடமுண்டு.

அதனை முதலில் கேட்ட இடங்களுள் ஒன்று இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரம். அந்நகர உயர்நிலைப் பள்ளியின் பொறுப்பில் இருந்தவர் ஜே. ஸ்டான்லி பிரவுன். சிகாகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவராகிய வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் அவருக்குத் துணை நின்றார். 1901-ஆம் ஆண்டில், வெளியூர் சென்று படிக்க இயலாத மாணவர்களுக்காகக் கல்லூரியின் முதல் ஈராண்டுப் பாடங்கள் அவ்வுயர்நிலைப் பள்ளியிலேயே தொடங்கப்பட்டன. அன்று சேர்ந்தவர் அறுவர். அச்சிறு வகுப்பே இன்று ஜோலியட் இளநிலைக் கல்லூரி என நிலவுகிறது. அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகளுக்கெல்லாம் முன்னோடி என்றும் போற்றப்படுகிறது. நம் நாட்டிலும் சென்னை மாகாணத்து உயர்நிலைப் பள்ளிகள் சிலவற்றில் எஃப்.ஏ. வகுப்புகள் சேர்ந்து நடந்ததுண்டு. அவற்றை இரண்டாந்தரக் கல்லூரிகள் என்றனர். ஆகவே ஜோலியட் செய்தி நமக்கு முற்றிலும் புதுமையானதன்று.

கோட்டை இன்னும் துணிவாக அழிக்க முற்பட்டவர் இராபர்ட் ஹட்சின்ஸ். 1929-ஆம் ஆண்டில், தம் முப்பதாம் வயதில், சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைமையை ஏற்றவர் அவர். உயர்நிலைப் பள்ளியின் இறுதி ஈராண்டுகளும் கல்லூரியின் முதல் ஈராண்டுகளும் ஒன்றையொன்று திரும்பச் சொல்லிக் காலத்தை வீணாக்குகின்றன என்பது அவர் கருத்து. 1942-ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகம் ஒரு முடிவெடுத்தது. பள்ளியில் பத்தாம் வகுப்பை முடித்த மாணவன் நேரே கல்லூரியில் சேரலாம். வகுப்பில் அமர்ந்த மணிக்கணக்கைப் பாராது, விரிவான தேர்வுகளில் தேறினால் பட்டம் பெறலாம் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டில் பதினைந்து வயதில் அங்கே சேர்ந்த சிறுவருள் ஒருவர் ஜேம்ஸ் வாட்சன். உயிரணுவில் உள்ள டி.என்.ஏ.யின் முறுக்கேணி வடிவைப் பின்னாளில் கண்டறிந்து, 1962-ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவரே. ஆயினும் சிகாகோவின் இப்பட்டத்தைப் பிற நிறுவனங்கள் பல ஐயத்துடனேயே நோக்கின. ஹட்சின்ஸ் 1951-ஆம் ஆண்டில் விலகிச் சென்றபின், 1953-ஆம் ஆண்டில் அத்திட்டம் பெரிதும் கைவிடப்பட்டது.

அதே காலத்தில் தென்புலத்து அட்லாண்டா நகரில் வேறொரு காரணத்தால் வேறொரு கதவு திறந்தது. கறுப்பின இளைஞர் பயிலும் மோர்ஹவுஸ் கல்லூரியில், உலகப் போரின் காரணமாக மாணவர் தொகை குறைந்தது. கல்லூரித் தலைவர் பெஞ்சமின் மேஸ் காலத்தில், பள்ளியின் இறுதியாண்டை முடிக்காத மாணவரையும் நுழைவுத் தேர்வு வைத்து எடுத்துக்கொண்டனர். 1944-ஆம் ஆண்டில் அவ்வாறு பதினைந்து வயதில் சேர்ந்தவர் மார்ட்டின் லூதர் கிங். அவர் 1948-ஆம் ஆண்டில் பத்தொன்பது வயதில் பட்டம் பெற்றார். வகுப்பறை காலியாயிற்றே என்ற கவலை திறந்துவிட்ட வாயில் வழியாகப் பிற்காலத்து மாபெருந் தலைவர் ஒருவர் உள்ளே வந்தார். வரலாற்றில் உயர்ந்த நோக்கத்தாலேயே எல்லாம் நிகழ்வதில்லை. தேவையும் சில வேளைகளில் நல்லதைச் செய்துவிடுகிறது.

இனி 1950-களுக்கு வருவோம். கொரியப் போர் மூண்டு, இளைஞர்கள் படையில் சேர்க்கப்பட்டு வந்த காலம் அது. படைக்கு அழைக்கப்படுமுன் மாணவர்கள் கல்லூரிக் கல்வியில் ஒரு பகுதியையேனும் முடிக்கட்டும் என்ற எண்ணம் பரவிற்று. போர்டு அறநிலையம் 1951-ஆம் ஆண்டில் கல்வி முன்னேற்ற நிதி ஒன்றை நிறுவி, பள்ளியை முடிக்காத திறமிக்க மாணவர்களுக்கு உதவித்தொகை தந்து கல்லூரிக்கு அனுப்பிற்று. சிகாகோ, கொலம்பியா, யேல், விஸ்கான்சின் உள்ளிட்ட பன்னிரண்டு நிறுவனங்கள் இதில் பங்கு கொண்டன. மோர்ஹவுசும் ஃபிஸ்க்கும் அவற்றுள் அடங்கும். இம்மாணவர்கள் படிப்பில் பின்தங்கவில்லை என்று 1957-ஆம் ஆண்டின் அறிக்கை கூறிற்று. ஆயினும் பள்ளித் தலைவர்கள் இதனை விரும்பவில்லை. தம் பள்ளியின் மிகச் சிறந்த மாணவரை இறுதியாண்டில் கல்லூரி கவர்ந்து செல்வதை யார்தாம் விரும்புவர்? இளம் வயதில் வீட்டைவிட்டு அனுப்பப் பெற்றோரும் தயங்கினர்.

மாணவனைக் கல்லூரிக்குக் கொண்டு செல்லுவதற்கு மாறாகக் கல்லூரிப் பாடத்தையே பள்ளிக்குக் கொண்டுவந்தால் என்ன? இம்மறு வழியே வெற்றி கண்டது. ஆண்டோவர், எக்சிட்டர், லாரன்ஸ்வில் என்னும் மூன்று பள்ளிகளும், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் என்னும் மூன்று பல்கலைக்கழகங்களும் கூடி ஆராய்ந்து 1952-ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டன. பள்ளியில் கற்றதையே கல்லூரியின் முதலாண்டில் மீண்டும் கற்க நேர்கிறது. அதனால் ஆர்வம் மழுங்குகிறது என்று அது எடுத்துக் காட்டிற்று. அதே காலத்தில் ஒகையோ மாநிலத்துக் கென்யன் கல்லூரியின் தலைவர் கோர்டன் சால்மர்ஸ், பன்னிரண்டு கல்லூரிகளை ஒன்றுசேர்த்து வேறொரு திட்டம் வகுத்தார். கல்லூரி முதலாண்டுப் பாடம் எத்தகையது என்பதைப் பேராசிரியர்களும் பள்ளி ஆசிரியர்களும் சேர்ந்து எழுதி வைப்பது. அதனைப் பள்ளியிலேயே கற்பிப்பது. இறுதியில் பொதுத் தேர்வு நடத்துவது என்பதே அத்திட்டம்.

முயற்சித் தேர்வுகள் 1954-ஆம் ஆண்டில் நடந்தன. 1955-ஆம் ஆண்டில் கல்லூரித் தேர்வு வாரியம் அப்பொறுப்பை ஏற்றது. 1956-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்வாரியம் நடத்திய முதல் தேர்வை எழுதியோர் 1,229 மாணவர்; அவர்கள் எழுதிய தாள்கள் 2,199. இதுவே ‘அட்வான்ஸ்ட் பிளேஸ்மெண்ட்’ எனப்படும் முன்னிலைப் பாடத்திட்டம். ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் உண்டு, ஐந்தே உச்சம். விடைத்தாள்களைப் பள்ளி ஆசிரியரும் கல்லூரிப் பேராசிரியரும் கூடியிருந்து திருத்துவர். மூன்றோ நான்கோ பெற்றவனுக்குக் கிரெடிட் தருவதா, மேல்வகுப்பில் இடம் மட்டும் தருவதா என்பதை அந்தந்தக் கல்லூரியே முடிவு செய்யும். இன்று ஆண்டுதோறும் 25 இலட்சத்திற்கு மேற்பட்ட மாணவர் இத்தேர்வுகளை எழுதுகின்றனர்.

அதே 1955-ஆம் ஆண்டில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் மற்றொரு முறை பிறந்தது. அதன் கல்வித் தலைவர் ஆல்பர்ட் வா இதற்கு வழி வகுத்தார். இம்முறையில் ஒரே நாளில் எழுதும் பொதுத் தேர்வு கிடையாது. பல்கலைக்கழகத்தின் பாடத்தையே, பல்கலைக்கழகம் தகுதி பார்த்து ஒப்புதல் அளித்த பள்ளி ஆசிரியர் ஆண்டு முழுவதும் கற்பிப்பார். பாடத்தில் தேறினால் அப்பல்கலைக்கழகமே கிரெடிட் வழங்கும். 1972-ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்துச் சிரக்யூஸ் பல்கலைக்கழகமும் இத்தகைய ஏற்பாட்டைத் தொடங்கிற்று. கல்லூரியில் இடம் உறுதியான பின் பள்ளி இறுதியாண்டில் மாணவர்கள் சோர்ந்து திரிகின்றனர் என்ற அண்டைப் பள்ளிகளின் முறையீடே அதற்கு வித்து.

இவ்விரு முறைகளையும் சீர்தூக்கிப் பாருங்கள். முன்னது தேர்வை நம்புகிறது. பின்னது வகுப்பறையை நம்புகிறது. தேர்வு எல்லாருக்கும் ஒரே அளவாக இருக்கும். ஆனால் ஒரு நாளின் தலைவலி ஓராண்டின் உழைப்பைக் கெடுத்துவிடலாம். வகுப்பறை உழைப்பை முழுமையாக மதிக்கும்; ஆனால் ஒரு பள்ளியின் தேர்ச்சியும் மற்றொரு பள்ளியின் தேர்ச்சியும் ஒன்றா என்ற ஐயம் எழும். இன்றுவரை அமெரிக்கக் கல்வியாளர் இவ்வழக்கில் தீர்ப்புக் கூறி முடிக்கவில்லை.

இதுவரை நான் கூறிய முயற்சிகளுள் மிகப் பல, ஏற்கெனவே முன்னணியில் நிற்கும் மாணவரைக் கருதியே எழுந்தவை. ஏழை எளியவர்க்கு இவ்வாயில் திறக்குமா? இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பிய நிகழ்ச்சி 1982-ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கிழக்குப் பகுதியில் நிகழ்ந்தது. அங்குள்ள கார்பீல்டு உயர்நிலைப் பள்ளியில் மெக்சிக வழிவந்த உழைப்பாளர் குடும்பத்துப் பிள்ளைகளே பெரும்பாலும் படித்தனர். பொலிவியாவிலிருந்து குடியேறிய ஹைமே எஸ்கலாந்தே என்னும் ஆசிரியர் அவர்களுக்கு நுண்கணிதம் கற்பித்தார். அவ்வாண்டில் பதினெண்மர் முன்னிலைத் தேர்வு எழுதி, பதினெண்மரும் தேறினர். தேர்வு நடத்திய நிறுவனத்திற்கு விடைகளின் ஒற்றுமை ஐயத்தை விளைவித்தது. பதினால்வர் மீண்டும் எழுத வேண்டும் என்றது. பன்னிருவர் மீண்டும் எழுதினர், பன்னிருவரும் தேறினர். செல்வர் பள்ளியில் இத்தேர்ச்சி நிகழ்ந்திருந்தால் ஐயம் எழுந்திருக்குமா என்று அந்நாட்டு மக்கள் பலர் கேட்டனர். 1988-ஆம் ஆண்டில் இது திரைப்படமாகவும் வந்தது. திறமை இல்லாத இடத்தில் வாய்ப்பு வீண் என்போர்க்கு அப்பன்னிருவரின் விடைத்தாள்களே மறுமொழியாக அமைந்தன.

இதற்கு முன்னரே, 1974-ஆம் ஆண்டில், நியூயார்க் நகரத்து லாகார்டியா சமுதாயக் கல்லூரியில் ஜேனட் லீபர்மன் அம்மையார் துணிவான சோதனை ஒன்றைத் தொடங்கியிருந்தார். படிப்பை இடையில் நிறுத்திவிடக்கூடும் என்று அஞ்சப்பட்ட மாணவர்களுக்கென ஓர் உயர்நிலைப் பள்ளியைக் கல்லூரி வளாகத்திலேயே அவர் அமைத்தார். மெலிந்த பயிருக்கு அன்றோ நீர் முதலில் வேண்டும்! கல்லூரி மாணவரிடையே நாள்தோறும் நடமாடினால், ‘இஃது எனக்கும் உரிய இடமே’ என்ற எண்ணம் பிள்ளைகள் உள்ளத்தில் ஊன்றும் என்பது அவர் கருத்து.

வாய்ப்பைச் சட்டமாக்கியது மின்னசோட்டா மாநிலம். ஆளுநர் ரூடி பெர்பிச் காலத்தில், 1985-ஆம் ஆண்டில், பதினொன்றாம் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் மாநிலத்துக் கல்லூரிகளில் பாடம் பயிலலாம். கட்டணத்தை அரசே ஏற்கும் என்று சட்டம் வந்தது. பள்ளிக்கு அம்மாணவர் பொருட்டு வரவேண்டிய அரசுத் தொகையில் ஒரு பகுதி கல்லூரிக்குச் சென்றது. பள்ளி நிருவாகங்கள் இதனைக் கடுமையாக எதிர்த்தன. ஆயினும் மாணவரை இழக்க விரும்பாத பள்ளிகள் பல, தம்மிடத்திலேயே உயர்நிலைப் பாடங்களைத் தொடங்கவும் இச்சட்டம் தூண்டுகோலாயிற்று. பின்னர் மற்ற மாநிலங்களும் தத்தமக்கேற்ற சட்டங்களை இயற்றின. 2022-23-ஆம் கல்வியாண்டில் பள்ளியில் இருந்தவாறே கல்லூரிப் பாடம் பயின்றோர் ஏறத்தாழ 25 இலட்சம் பேர்.

இதனால் விளைந்த பயன் யாது? 2002-ஆம் ஆண்டு முதல் கேட்ஸ் அறநிலையத்தின் உதவியால், பள்ளியும் கல்லூரியும் இணைந்த ‘முற்கல்லூரி உயர்நிலைப் பள்ளிகள்’ பல தோன்றின. அவற்றில் சேர விரும்பியோர் மிகுந்தமையால் சில பள்ளிகளில் குலுக்கல் நடத்தி இடம் அளித்தனர். குலுக்கலில் வென்றவரும் தோற்றவரும் திறமையில் ஒத்தவரே ஆதலின், ஆராய்ச்சியாளர்க்கு இது நல்ல வாய்ப்பாயிற்று. 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வின்படி, இடம் பெற்றவருள் 80 விழுக்காட்டினர் கல்லூரியில் சேர்ந்தனர்; இடம் பெறாதவருள் 71 விழுக்காட்டினர் சேர்ந்தனர். ஆய்வு முடிந்த வேளையில் கல்லூரிப் பட்டமோ பட்டயமோ பெற்றிருந்தோர் முன்னவருள் 22 விழுக்காடு. பின்னவருள் 2 விழுக்காடு. வேறுபாடு சிறிதன்று.

எனினும் குறைகளையும் கூறாமல் விடுதல் முறையன்று. முதலாவது, ஒரு கல்லூரி தரும் கிரெடிட்டை மற்றொரு கல்லூரி ஏற்கக் கடமைப்பட்டதன்று. ஊர்ப்புறத்துச் சமுதாயக் கல்லூரியில் அரும்பாடுபட்டு ஈட்டிய வரவைப் பெயர்பெற்ற பல்கலைக்கழகம் செல்லாக் காசாகத் தள்ளிவிடுவதும் உண்டு. இரண்டாவது, எல்லாப் பள்ளிகளிலும் இப்பாடங்களைக் கற்பிக்கத் தகுதி பெற்ற ஆசிரியர் இல்லை; செல்வ வளமிக்க பள்ளியில் பத்துப் பாடம் இருக்க, சிற்றூர்ப் பள்ளியில் ஒன்றும் இராது. மூன்றாவது, முன்னிலைத் தேர்வுத் தாள் ஒன்றுக்குக் கட்டணம் நூறு டாலரை ஒட்டியுள்ளது. ஏழைகளுக்குச் சலுகை உண்டெனினும் சுமை முற்றும் நீங்கிவிடவில்லை. நான்காவது, கல்வியை வரவுக் கணக்காக மட்டுமே எண்ணி, எவ்வளவு விரைவில் முடிப்போம் என்ற அவசரம் இளைஞர் உள்ளத்தைப் பற்றிக்கொள்ளும் இடர்.

இந்நான்கனுள் இரண்டாவதே எனக்குப் பெருங்கவலை தருவது. விரைந்து செல்லும் வழி ஒன்றைத் திறந்துவிட்டு, அவ்வழியை அடையும் சாலையைச் சிலர்க்கே அமைத்தால், இடைவெளி முன்னினும் பெருகும். வழியைத் திறந்தவர் நல்லெண்ணம் உடையவர் என்பதனால் மட்டும் இத்தீங்கு நேராமற் போகாது.

இறுதியாக ஒன்றை ஒப்பிட்டுச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்கர்கள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடைப்பட்ட எல்லையைப் பற்றி அறிக்கை எழுதிய அதே 1952-ஆம் ஆண்டில், நம் நாட்டிலும் இடைநிலைக் கல்விக் குழு ஒன்று அமைந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் அதன் தலைவர். இண்டர்மீடியட் வகுப்பை நீக்க வேண்டும், பட்டப் படிப்பு மூன்றாண்டு ஆகவேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. ஒரே காலத்தில் இரு நாடுகளும் ஒரே கோட்டை உற்று நோக்கின. நாம் அக்கோட்டையே எல்லாருக்குமாகச் சேர்த்து நகர்த்தினோம். அவர்கள் கோட்டை இருந்த இடத்திலேயே விட்டு, தாண்ட வல்லவன் தாண்டுக என்றனர். நம் வழியில் ஒழுங்கும் சமத்துவமும் உண்டு. ஆனால் முந்திச் செல்லும் மாணவனுக்குக் காத்திருத்தலே விதி. அவர்கள் வழியில் தனி மாணவனின் ஆற்றலுக்கு இடமுண்டு. ஆனால் அவ்விடத்தை அடைவதில் ஏற்றத்தாழ்வு உண்டு.

மாணவ நண்பர்களே, இவற்றுள் எது சிறந்தது என்று நான் ஒரே சொல்லில் கூறிவிட மாட்டேன். நாளை கல்வித் துறையில் பொறுப்பேற்கப் போகிறவர் உங்களுள்ளும் இருப்பர். எல்லைக் கோட்டை நகர்த்தும் வாய்ப்பு உங்களுக்கும் வரும். அப்போது விரைந்து செல்பவன் எவ்வளவு தொலைவு சென்றான் என்று பாருங்கள். வாயில் இருப்பதே தெரியாமல் வெளியே நின்றவர் எத்தனை பேர் என்றும் எண்ணிப் பாருங்கள். இவ்விரு கணக்குகளையும் சேர்த்துப் பார்த்தபின் எடுக்கும் முடிவே நேர்மையான முடிவாகும்.